நடு ஆற்றில் நிற்பவர்களுக்கு என்ன துணி?

வைகாசி பிறந்துவிட்டால் காரிமலைக்கு என்ன ஆகுமோ தெரியாது. காலையில் முதுகைப் பொசுக்குகிற வெயில் அடிக்கும். வியர்வையைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் மூட்டம் வந்து எதிரில் நிற்பவர் முகத்தை மறைக்கும். அது விலகினால் ஆலங்கட்டி விழும். விழுந்த கட்டி கரைவதற்குள் மறுபடி வெயில், ஒன்றுமே நடக்காதது மாதிரி.

இப்படிப்பட்ட மாதத்தில்தான் விசாகம் வருகிறது. அடிவாரத்து ஊர்களெல்லாம் பிள்ளைகுட்டிகளோடு உச்சிக் கோயிலுக்குக் கிளம்பிவிடும். வேறு நல்ல மாதமே முருகனுக்குக் கிடைக்கவில்லையா என்று யாரும் கேட்டதில்லை.

போகிற வழியில் ஒரு காட்டாறு. பாலம் கிடையாது, முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் கடக்க வேண்டும். ஆற்றங்கரையில் வானம் பளிச்சென்று இருக்கும். மேற்சரிவில் கொட்டிய மழை அங்கிருந்து புறப்பட்டு வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கரையில் நிற்பவர்களுக்கு மேற்சரிவு தெரியாது. இக்கரையில் மேட்டின்மேல் இருக்கிற மடத்திலிருந்து பார்த்தால் தெரியும்.

அதனால் மடத்துக்கு ஒரு வழக்கம். முற்றத்தில் உயரமான கம்பம் ஒன்று. அதில் வெள்ளைத் துணி ஏறினால் அக்கரையில் இருப்பவர்கள் ஆற்றில் இறங்கலாம். சிவப்பு ஏறினால் கரையிலேயே நிற்க வேண்டும்.

அந்த வருஷம் துணி ஏற்றுகிற வேலை சடையப்பனுக்கு வந்தது. மலைப் பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் மடத்தில் வந்து சிஷ்யராகச் சேர்ந்தவர். போன விசாகத்துக்கு அவரை அடுப்படியை விட்டு வெளியே விடவில்லை. இந்தத் தடவை கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டார் தில்லையம்மையார்.

தில்லையம்மையார்தான் அங்கே குரு. சடையப்பனின் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருந்தால் அதிகம். சடையப்பன் அம்மா என்று கூப்பிடுவார், அம்மையார் ஐயா என்பார். வயசைப் பற்றிய கேள்வி அதோடு முடிந்தது.

துணி ஏற்றுவது பெரிய வேலையா என்றுதான் சடையப்பன் நினைத்தார். விடிந்து கொஞ்ச நேரத்திலேயே நினைப்பு மாறிவிட்டது.

"மேல என்ன தெரியுது, ஐயா?"

"வெளுத்திருக்கு அம்மா."

"வெள்ளை ஏத்துங்க. கறுத்தா மாத்திடுங்க."

சொல்லிவிட்டு அம்மையார் படியிறங்கிப் போய்விட்டார். அக்கரையில் ஒரு கூட்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியது. நடு ஆறு வரைக்கும்தான் மடத்திலிருந்து பார்க்க முடியும். இக்கரையை மரங்கள் மறைத்துவிடும். கடந்தவர்கள் அப்படியே உச்சிப் பாதையில் ஏறிப் போய்விடுவார்கள்.

கூட்டம் கடந்து முடிவதற்கும் மேற்சரிவு கறுப்பதற்கும் சரியாக இருந்தது. சிவப்பு ஏறியது. அம்மையார் நனைந்துபோய் மேலே வந்தார். அன்றைக்கு நனையாதவர் யார்? சடையப்பன் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மறுபடி வெளுத்தது. வெள்ளை. மறுபடி கறுத்தது. சிவப்பு. உச்சி வெயில் ஏறுவதற்குள் சடையப்பனின் உள்ளங்கை கயிறு உரசிச் சிவந்துவிட்டது. வெள்ளை ஏற்றச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அம்மையார் எங்கோ போய்விட்டார். ஏற்றச் சொல்வதும் அவரே, காணாமல் போவதும் அவரே. இது என்ன நியாயம் என்று சடையப்பனுக்குப் புகைந்தது.

அக்கரையில் நின்றவர்களுக்கும் பொறுமை போய்விட்டது. "மடத்துல எல்லாரும் தூங்குறாங்களா?" என்று யாரோ கத்தியது மேடுவரை கேட்டது.

வேறொரு நாளாக இருந்தால் சடையப்பன் சிரித்திருப்பார். அன்றைக்கு அவர் மகள் செண்பகம் வருவதாக இருந்தது. "எங்களை விட்டுட்டுப் போனவர் மூஞ்சியில இனிமே முழிக்க மாட்டேன்" என்று சொன்னவள், குழந்தைக்கு உச்சியில் முதல் முடி இறக்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். நேரம் இருந்தால் மடத்துக்கும் வருவாளாம். ஆறு திறக்காவிட்டால் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவாள். இன்று திரும்பிப் போனால் மறுபடி வரமாட்டாள். அவள் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாதா?

மதியத்துக்கு மேல் அக்கரையில் அவளைக் கண்டுவிட்டார். இடுப்பில் கைவைத்து, தலையைச் சாய்த்து, செத்துப்போன மனைவியே வந்து நிற்கிற மாதிரி நின்றாள். தோளில் குழந்தை. பக்கத்தில் மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு.

கம்பத்தில் சிவப்பு தொங்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே வெயில் பளீரென்று அடித்தது. மேற்சரிவை மட்டும் மூட்டம் மூடியிருந்தது.

"அம்மா, வெயிலடிக்குதே" என்றார்.

"மேல?"

"மேல ஒண்ணும் தெரியல."

"தெரியாட்டி சிவப்புதான்."

"எம்பொண்ணு வந்திருக்கா அம்மா. கைக்குழந்தையோட நிக்கிறா."

அம்மையார் அக்கரையைப் பார்த்தார்.

"ஒரே பேச்சாச் சொல்லுங்க" என்றார் சடையப்பன். "இன்னைக்கு மழை வருமா, வராதா?"

"வெளுத்தா வெள்ளை. கறுத்தா சிவப்பு."

"அது எனக்கும் தெரியும். வெளுத்திருக்குன்னு ஏத்திட்டோம், ஜனம் இறங்கிருச்சு, அப்புறம் கறுக்குது. அப்ப?"

"சிவப்பு."

"சிவப்பு கரையில இருக்கிறவனுக்கு. நடு ஆத்துல நிக்கிறவனுக்கு என்ன துணி ஏத்துறது?"

அம்மையார் தலையைத் திருப்பி மேலே பார்த்தார். மேற்சரிவில் மூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. பாறைகள் ஒவ்வொன்றாய் வெளியே வந்தன.

"இப்ப என்ன தெரியுது?"

"வெளுத்திருக்கு."

"அப்ப வெள்ளை" என்று சொல்லிவிட்டு வழக்கம்போலப் படியிறங்கிப் போய்விட்டார்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடமா வந்து சிஷ்யராகச் சேர்ந்தோம் என்று சடையப்பனுக்கு மனசு விட்டுப்போயிற்று. ஆனாலும் கை ஆசையோடு கயிற்றை இழுத்தது. வெள்ளை ஏறியது.

கூட்டம் இறங்கியது. செண்பகம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்வரிசையிலேயே இறங்கினாள். சடையப்பன் மேலே பார்ப்பதை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். தண்ணீர் அவள் கணுக்காலைத் தாண்டி முழங்காலுக்கு ஏறியது.

உறுமல் கேட்டுத்தான் திரும்பினார். மேற்சரிவு மை பூசியது போல் இருந்தது.

சிவப்பை ஏற்றினால் நடு ஆற்றில் இருப்பவர்கள் பதறிப்போவார்கள். ஏற்றாவிட்டால் கரையில் மிச்சம் இருப்பவர்களும் இறங்கிவிடுவார்கள். செண்பகம் முன்னால் போவாளா, திரும்புவாளா? எது நல்லது? வளைவுக்கு வளைவு யோசிக்காமல் ஸ்டியரிங்கைத் திருப்பிய கை, இப்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது.

கடைசியில் சிவப்பை ஏற்றினார். ஏற்றியது சரிதானா என்று தெரியவில்லை. கயிற்றைக் கம்பத்தில் சுற்றிவிட்டு ஆற்றை நோக்கி ஓடினார். அந்த வயசில் அப்படி ஓடக்கூடாது.

அவர் போய்ச் சேர்ந்தபோது ஆற்றுக்குள் ஒரே கூச்சல். பாதிப் பேர் திரும்பலாம் என்றார்கள், பாதிப் பேர் போய்விடலாம் என்றார்கள். ஒருவரும் நகரவில்லை. தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியுமாக வரத் தொடங்கியிருந்தது.

அவர்களுக்கு முன்னால் தொடையளவு தண்ணீரில் தில்லையம்மையார் நின்றுகொண்டிருந்தார். மரத்தில் கட்டிய வடக்கயிற்றின் மறுமுனை அவர் இடுப்பில் இருந்தது.

"இந்தப் பக்கம்! கயித்தைப் பிடிச்சுக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க! யாரும் திரும்பாதீங்க!"

பக்கத்தில் வந்த செண்பகத்திடமிருந்து குழந்தையை வாங்கினார். கரையில் நின்ற சடையப்பனிடம் எட்டிக் கொடுத்தார். குழந்தை தாத்தாவின் தாடியைப் பார்த்ததும் வீறிட்டு அழுதது. வெள்ளத்துக்கு அது அழவில்லை. சடையப்பனும் அழுதார், எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

ஒவ்வொருவராகக் கயிற்றைப் பிடித்து ஏறினார்கள். கடைசி ஆள் கரையேறிய பிறகு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார்கள்.

வெள்ளம் வரவில்லை. ஒரு சாண் ஏறிய தண்ணீர் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிட்டது. மேகம் சரிவைத் தாண்டி வேறெங்கோ போய்ப் பெய்தது போலும். வெயில் வந்தது.

"என்னப்பா இது?" என்றாள் செண்பகம். இத்தனை நாள் கழித்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். "வெள்ளைன்னீங்க, இறங்கினோம். நடுவுல வந்ததும் சிவப்புங்கிறீங்க. நாங்க என்னதான் பண்றது?"

சடையப்பன் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு அம்மையார் பக்கம் திரும்பினார். அம்மையார் முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தார். அக்கரையில் அடுத்த கூட்டம் மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அம்மா, வெள்ளம் வரலையே. நான் சிவப்பு ஏத்தினது தப்பா?"

"தெரியல, ஐயா."

"அதுக்கு முந்தி வெள்ளை ஏத்தச் சொன்னீங்களே, அது?"

"அதுவும் தெரியல."

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. குரு என்பதுகூட மறந்துபோயிற்று. "எத்தனை விசாகம் பாத்துட்டீங்க! எப்ப வரும், எப்ப வராதுன்னு உங்களுக்கேவா தெரியாது?"

அம்மையார் வடக்கயிற்றை மறுபடி இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். தண்ணீரில் காலை வைத்துக்கொண்டே சொன்னார்:

"தெரிஞ்சிருந்தா நானும் மேலயே இருந்திருப்பேனே, ஐயா."