ஊட்டிவிடாதீங்க

பக்கவாத வார்டில் பழம் தின்று கொட்டை போட்ட நர்ஸ் தங்கபுஷ்பம். வார்டு முழுக்க இட்லி ஊட்டி, வாய் துடைத்து, டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் எல்லாவற்றையும் பளிச்சென்று வைத்துவிடுவாள். வேகத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மனசுதான் விட்டுப்போயிருந்தது. புறநோயாளிப் பிரிவுக்கு மாற்றல் கேட்டிருந்தாள்.

வார்டு பொறுப்பு ரூபவதி சிஸ்டரிடம். தங்கபுஷ்பத்தைவிட வயதில் சின்னவள். இருந்தாலும் இந்தக் கேள்வியை அவளிடம்தான் கேட்க முடிந்தது.

"உங்களுக்கு மட்டும் எப்படி சிஸ்டர் சலிக்க மாட்டேங்குது? அதே பெட்பேன், அதே சம்பளம். நன்றின்னு ஒரு வார்த்தை கிடையாது."

ரூபவதி மூலைக் கட்டிலைக் காட்டினாள். அங்கே பஸ் கண்டக்டர் இசக்கிமுத்து படுத்திருந்தார். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, வலது கைதான் விழுந்துவிட்டது.

"அவருக்கு மட்டும் ஊட்டாதீங்கக்கா. கரண்டியை வலது கையில குடுங்க."

"அந்தக் கை வராதே! நான் ஊட்டினா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

"அதான் வரலை."

தங்கபுஷ்பத்துக்குச் சுருக்கென்றது.

மறுநாள் சாம்பார் இட்லி அவள் வெள்ளை உடுப்பில்தான் விழுந்தது.

"ஊட்டித் தொலையேம்மா!" என்று கத்தினார் இசக்கிமுத்து.

அவளுக்கும் கை பரபரத்தது. இறுகக் கட்டிக்கொண்டாள்.

அடுத்தடுத்த நாட்களில் கரண்டி நெஞ்சு வரை வந்தது. பிறகு தாடையில் முட்டிக்கொண்டு நின்றது. பிடி நழுவுகிறது என்று கண்டுகொண்டு, கரண்டிக் காம்பில் பேண்டேஜ் சுற்றிப் பருமனாக்கினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் பந்தயம் கட்டாத குறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கரண்டி நடுங்கி நடுங்கி மேலே ஏறியது. வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கரண்டி வாய்க்குள் போயே போய்விட்டது!

இசக்கிமுத்து மென்று விழுங்கிவிட்டுக் கட்டிலைத் தட்டினார். "போலாம் ரைட்!"

கைதட்டல் வராண்டா வரை கேட்டது. தங்கபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரூபவதியின் அறைக்கு ஓடினாள்.

"சாப்பிட்டுட்டார் சிஸ்டர்! எனக்கு மாற்றல் வேண்டாம்னு சொல்லிருங்க. ஆனா நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலை."

ரூபவதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வெள்ளை உடுப்பு இல்லை, பூப்போட்ட சேலை.

"இன்னைக்கு உங்களுக்கு லீவு நாளாச்சே. யாரு வரச் சொன்னா, அக்கா?"