துண்டுகள் சம்மதித்த சபை

மலைகளெல்லாம் இப்போது இருப்பதைவிட ஒரு முழம் உயரமாக இருந்த காலத்தில் நெடுவயல் என்றொரு நாடு இருந்தது. அதற்கு ஓர் அரசன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. வேட்டைப் பிரியன், அவ்வளவுதான். பசி எப்படி இருக்கும் என்று மட்டும் அவனுக்குத் தெரியாது.

அந்த நாட்டில் ஒரு பஞ்சக் களஞ்சியம் இருந்தது. முன்னொரு தடவை மழை பொய்த்து, பிள்ளைகள் பலர் செத்துப்போனார்கள். அதன் பிறகு ஊர் கூடிப் பேசி, அறுவடைக்கு அறுவடை வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் கொட்டி அதை நிரப்பி வைத்தது. பானை வனையும் ஆவுடை அந்தப் பஞ்சத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். பிறகு பிறந்த ஒரு மகள்தான் அவளுக்கு மிச்சம்.

அரசனுக்கு ஓர் ஆசை வந்தது. அரண்மனையிலிருந்து வேட்டைக்காடு வரை கல் பாவிய பாதை வேண்டும். கல்தச்சர்களுக்குக் கூலியாகக் களஞ்சியத்து நெல்லைக் கொடுத்துவிடலாம் என்றான்.

ஆனால் ஊர் நெல்லைத் தொட ஐவர் சபையின் ஓலை வேண்டும். அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓலை எழுதும் முன் தலைவர், வீட்டுக்கு ஒருவராக வந்து உட்கார்ந்திருக்கும் மக்களைப் பார்த்து, “மறுப்பார் உண்டா?” என்று மூன்று தடவை கேட்பார். மறுப்பவர்கள் அதிகமென்றால் ஓலை இல்லை. பேசாமல் இருப்பவர்கள் சம்மதித்தவர்கள்.

வேட்டைப் பாதை என்று கேட்டதுமே ஆவுடை சூளையை அப்படியே விட்டுவிட்டு வீடு வீடாக நடந்தாள். அடுத்த நாள் காலை ஐவர் வீட்டு வாசலிலும் கூட்டம். தலைவர் கேள்வியை முணுமுணுத்துவிட்டு ஓலையை எழுதிவிடக் கூடாதே என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. நாவிதர் தலைவரின் ஒரு கன்னத்தை மட்டும் மழித்துவிட்டுக் கத்தியை மடித்தார்.

“சபையில நீங்க உரக்கக் கேளுங்க. மீதிக் கன்னத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றார்.

தலைவர் உரக்கக் கேட்டார். முந்நூறு வீட்டாரும் எழுந்து “உண்டு” என்றார்கள். ஓலையைச் சுருட்டிக்கொண்டு ஐவரும் போனார்கள். பாதி தாடியோடு போனவரைப் பார்த்து ஊரே சிரித்தது. சிரித்திருக்க வேண்டாம்.

மறு ஆண்டு அதே பாதை யாத்திரைப் பாதை என்ற பெயரோடு வந்தது. இந்த முறை தலைவர் காலையில் வரச் சொல்லிவிட்டு உச்சிவரை காக்க வைத்தார். பசியெடுத்த ஜனங்கள் உட்கார்ந்த இடத்தில் துண்டைப் போட்டுவிட்டுக் கஞ்சி குடிக்கப் போனார்கள். இடம் போய்விடுமோ என்று சிலர் கேட்டார்கள். தலைவர் மிகுந்த பரிவோடு, “துண்டு கிடந்தால் ஆள் இருப்பதாகவே கொள்வோம்” என்றார். எவ்வளவு நல்ல மனுஷர் என்று பேசிக்கொண்டே போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். அன்றும் “உண்டு” என்றார்கள். அன்றும் ஜெயித்தார்கள்.

மூன்றாம் ஆண்டு அதற்கு மக்கள் பாதை என்று பெயர். சரியாக அறுவடைக்கு நடுவில் சபை கூடியது. முந்தின நாள் மாலையே ஜனங்கள் சபையில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டார்கள். ஆவுடை மறுபடியும் வீடு வீடாகப் போனாள்.

“துண்டு போட்டாச்சுல்ல, அப்புறம் என்ன? நீ முன்னாடி போ ஆவுடை, வந்துர்றோம்” என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. கதிர் முற்றி நின்றது. நான் ஒருவன் போகாவிட்டால் என்ன, மற்றவர்கள் இருப்பார்களே என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

ஆவுடையிடம் துண்டு இல்லை. அதனால் அவளே வந்து உட்கார்ந்தாள். சுற்றிலும் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது துண்டுகள். அன்றைக்குத் தலைவர் யாரையும் காக்க வைக்கவில்லை. பனி காயும் முன்பே வந்துவிட்டார். துண்டுகளை மிதிக்காமல் ஓரமாக நடக்கும்படி காவலர்களிடம் சொன்னார்.

“மறுப்பார் உண்டா?”

“உண்டு” என்றாள் ஆவுடை.

“மறுப்பார் உண்டா?”

“உண்டு. ஐயா, இதெல்லாம் துணிங்க. துணிக்குப் பசிக்குமா? ஆளுங்க வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க.”

“மக்களை இப்படிக் குறைத்துப் பேசாதே அம்மா” என்றார் தலைவர். மூன்றாவது தடவையும் கேட்டார். அவளும் மூன்றாவது தடவையும் சொன்னாள். எழுத்தர் எழுதினார்: இருந்தவர்கள் முந்நூறு, மறுத்தவள் ஒருத்தி.

உச்சி வேளையில் ஜனங்கள் அரிவாளோடு வந்தார்கள். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சபை எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டார்கள். களஞ்சியத்தின் பக்கம் வண்டிகள் போகும் சத்தம் கேட்டது.

பாதை அழகாகத்தான் அமைந்தது. அரசன் அதில் இரண்டு தடவை வேட்டைக்குப் போனான். அடுத்த ஆண்டு மழை இல்லை. அதற்கடுத்த ஆண்டும் இல்லை. களஞ்சியத்தைத் திறந்தபோது உள்ளே பெருக்கிய தரை இருந்தது.

ஊரை விட்டுப் போவதற்கு நல்ல பாதை அது ஒன்றுதான். எல்லோரும் அந்தக் கல்லின் மேல்தான் நடந்தார்கள். வெயிலுக்கு அதே துண்டுகளைத் தலையில் போட்டிருந்தார்கள். ஆவுடையின் கையில் ஒரு பானை இருந்தது. மகள் இல்லை. துண்டு போட்டவர்கள் ஒருவர்கூட அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன முகம் இருக்கிறது?

கேட்டவர்களே, இதுதான் நீதி: தீமை வரும் ஒவ்வொரு முறையும் நேரில் வந்து மறுக்காதவன் அதற்குச் சம்மதித்தவனே.