பெட்ரோலைக் காயப்போட்ட கதை

செக்கடிப் பொட்டலில் ரெண்டு பேர் உட்காரும் குட்டி பிளேன் ஒன்று நின்றது. அதைத் துடைக்க, தள்ள, காவல் காக்க மாசானம், இசக்கி, பூதத்தான் என்று மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாசானத்துக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. "ஒரு காரியமாவது உருப்படியா செஞ்சிருக்கீகளா?" என்று கேட்டுவிட்டு, பெண்டாட்டி உலகம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊரிலுள்ள பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். இவன் வீம்பாக, "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உன் தலைக்கு மேல பிளேன்ல வாரேன்" என்று சொல்லி அனுப்பினான். "அப்படி வந்துட்டாகன்னா அன்னைக்கே வீடு திரும்புதேன். வரலேன்னா இந்த ஜென்மத்துக்கு இல்ல" என்று பதில் வந்தது. பைலட் ஜெபராஜும் பரிதாபப்பட்டு ஏற்றிப்போவதாகச் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை பெய்தது பாருங்கள் ஒரு மழை! டேங்குக்குக் காற்றோட்டம் வேண்டுமே என்று பூதத்தான் மூடியைக் கழற்றி வைத்திருந்தான். வியாழன் காலையில் எஞ்சின் நாலு தடவை இருமிவிட்டுப் படுத்துவிட்டது.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு," என்றார் பைலட். "இறக்கைக்கு அடியில திருகைத் திறந்து கண்ணாடி டம்ளர்ல பிடிச்சுப் பாருங்க. தண்ணி அடியில தங்கும், பெட்ரோல் மேல நிக்கும். ரெண்டு தட்டாத் தெரிஞ்சா பறக்க முடியாது. ஒரே தட்டா வர்ற வரைக்கும் பிடிங்க. பிடிச்சதைத் தரையில ஊத்திராதீங்க, தீப்பிடிக்கும்." சொல்லிவிட்டு ஜீப்பில் கிளம்பிவிட்டார்.

பிடித்தார்கள். மேலே பிளேனுக்கென்றே வரும் நீலப் பெட்ரோல், கீழே தண்ணீர். தரையில் ஊற்றக் கூடாதே! டேங்கிலேயே திரும்ப ஊற்றிவிட்டு மறுபடி பிடித்தார்கள். பத்து மணி ஆகுமுன்னே இருநூறு டம்ளர் ஆகிவிட்டது. தண்ணீர் குறைந்தபாடில்லை.

"உள்ள ஊத்துக்கண் இருக்கோ?" என்றான் பூதத்தான்.

"போலே கூறுகெட்டவனே. நனைஞ்ச வேட்டியை என்ன செய்வே?" என்றான் இசக்கி.

"காயப்போடுவேன்."

"அப்புறம் என்ன?"

மாசானத்துக்கு உயிரே திரும்பி வந்தது. ஊரிலிருந்த தாம்பாளம், அண்டா, அகலச் சட்டி எல்லாம் வந்து இறங்கின. டேங்கைக் காலி செய்து அத்தனையையும் வெயிலில் பரப்பினார்கள். உச்சி வெயில் பிளந்து கட்டியது. சாயங்காலம் பார்த்தால் பெட்ரோல் முக்கால்வாசி பறந்துவிட்டது, அடியில் தண்ணீர் மட்டும் அசையாமல் இருந்தது. மேலே மிதந்த மிச்சப் பெட்ரோலை மாசானம் பழந்துணியால் ஒற்றி எடுத்தான். அடியில் கிடந்ததை டம்ளரில் ஊற்றிப் பார்த்தான்.

"ஒரே தட்டுதாம்லே!" என்று கத்தியேவிட்டான்.

"நாத்தம்கூடப் போயிட்டே. ஆனா கொஞ்சமால்லா இருக்கு?" என்றான் இசக்கி.

"வேற சரக்கு ஊத்தினா மறுபடி ரெண்டு தட்டாயிரும். இதே சரக்கைத்தான் ஊத்தணும்," என்று பூதத்தான் அடித்துச் சொன்னான். அடிபம்பில் நாலு குடம் பிடித்து டேங்கை நிரப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பைலட் எஞ்சினைத் தட்டினார். காற்றாடி ரெண்டு சுற்றுச் சுற்றி நின்றது. டம்ளரில் பிடித்து மோந்து பார்த்தார். நடந்ததைக் கேட்டார். மெக்கானிக்கைக் கூட்டிவர ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார்.

மாசானம் விக்கி விக்கி அழுதான். பத்து மணி ஆகப் போகிறதே! சிநேகிதர்களுக்கு மனசு கேட்கவில்லை. அவனை உள்ளே உட்காரவைத்து, பிளேனை ரோட்டு வழியாகவே தள்ளிக்கொண்டு மாமனார் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

முற்றத்தில் உலகம்மா வானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள். குனிந்து பார்த்தாள். "பிளேன் வந்திருக்கு, சரி. என் தலைக்கு மேல வரலியே?" என்றாள்.

நியாயம்தானே! மூவரும் கூடிப் பேசினார்கள். வீட்டுப் பக்கவாட்டில் கக்கூஸுக்குப் புதிதாக ஆளுயரக் குழி வெட்டியிருந்தது.

"மதினி, நீங்க அதுக்குள்ள இறங்கி நின்னுக்கிடுங்க. இறக்கை உங்க தலைக்கு மேல போற மாதிரி நாங்க தள்ளுதோம்," என்றான் இசக்கி.

உலகம்மா குழியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"சரி, ஏணியைக் கொண்டாங்க," என்றாள். "ஆனா ரொம்ப உசரத்துல பறந்துராதீக. அவுகளுக்குத் தலை சுத்தும்."