அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தவர்

“அம்மை, பழசோடவே இருந்துடலாமா, இல்ல விட்டுடலாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். “எதை?”

“கம்ப்யூட்டரை.”

“நல்லவேளை. உங்க முகத்தைப் பார்த்துட்டு, உயிரையோன்னு பயந்துட்டேன்.”

தில்லைநாயகம் சிரிக்கவில்லை. அவருக்கு அது கிட்டத்தட்ட உயிர்தான்.

கூகைமலை மடத்துக்கு எங்கெங்கிருந்தோ கேள்விகள் வரும். பெண்ணைக் கொடுக்கலாமா, வேலையை விடலாமா, தம்பி வீட்டு வாசலை மிதிக்கலாமா என்று. குரு பதில் சொல்வார். தில்லைநாயகம் அதைத் தட்டச்சு செய்து அனுப்புவார். பதினேழு வருஷமாக அதே வேலை, அதே ஜன்னல், அதே கணினி.

அப்போது குருவாக இருந்தவர் பெரியவர். அவர் சமாதியாகி ஆறு வருஷம் ஆகிறது. இப்போது அம்மை. அம்மைக்கு முப்பத்தெட்டு வயது, சீடருக்கு அறுபத்து மூன்று. மலையில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. நானூற்றுச் சொச்சம் படி ஏறி வந்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் மூச்சு வாங்கும். படி சரியாக எத்தனை என்று யாருக்கும் தெரியாது. மூச்சு வாங்குகிற இடத்தில் எண்ணிக்கை விட்டுப்போகும்.

அந்தக் கணினியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பொத்தானை அழுத்திவிட்டுச் சுனைக்கு இறங்கி, குளித்து, வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டு, அதையே உடுத்திக்கொண்டு மேலே வந்தால், திரையில் பாதி வெளிச்சம் வந்திருக்கும். அதன் விசிறி இரைகிற இரைச்சலில் மடத்துப் பூனைக்குக் காது போய்விட்டது. எலிகள் பஜனை நடத்திவிட்டுப் போயின. பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். பலமாகத் தட்டினால் கோபித்துக்கொள்ளும். குழந்தை தூங்குகிற வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி தட்ட வேண்டும். அந்தத் தட்டு தில்லைநாயகத்துக்கு மட்டுமே கைவந்திருந்தது.

“விசிறிக்கு எண்ணெய் போட லூர்துசாமியைக் கூப்பிட்டிருந்தேன்ல?” என்றார் அவர். லூர்துசாமி அடிவாரத்து ஊரில் கணினி பழுது பார்ப்பவர். “நேத்து வந்தார். பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டார். இதுக்குள்ள ஓடுற விண்டோஸ் ரொம்பப் பழசாம். செஞ்சவங்களே இதைக் கவனிக்கிறதை விட்டு வருஷக்கணக்காச்சாம். பூட்டில்லாத வீடுங்கிறார். வெள்ளிக்கிழமை வந்து புதுசைப் பிரிச்சு மாட்டிடறேன்னுட்டுப் போயிட்டார்.”

“பழைய பதிலெல்லாம்?”

“வெளித்தொடர்பைக் கழட்டிட்டு ஓரமா வெச்சுக்கலாமாம். வேணும்கிறப்ப திறந்து படிச்சுக்கலாமாம்.”

“அப்புறம் என்ன தடை?”

தில்லைநாயகம் ஒரு கீரைக்காம்பை எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதியது நான்கு மாதமாக மடத்தில்தான் இருக்கிறது. நெல் ஆலைக்காரர் ஒருவர் காணிக்கையாகத் தந்தது. அது வந்து சேர்ந்த வாரம் தில்லைநாயகத்தின் நாற்காலிக் கால் ஒடிந்தது. புதியது வந்த அட்டைப்பெட்டியின் உயரம் அளவெடுத்த மாதிரி இருந்தது. அன்று முதல் புதியதன் மேல் உட்கார்ந்துகொண்டு பழையதை ஓட்டி வந்தார். உட்காரக்கூடாது என்று பெட்டியில் படம் போட்டிருந்தது. அந்தப் படத்தின் மேல்தான் உட்கார்ந்தார்.

“சரி, இப்ப எத்தனை கேள்வி வருது?” என்றார் அம்மை.

அவர் முகம் மலர்ந்தது. “அதான் சொன்னேனே. மூணு மாசமா ஒண்ணுகூட இல்ல. தினம் காலையில பார்க்கிறேன். ஜனங்களுக்குக் கவலை தீர்ந்துபோச்சு.”

உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். மடத்தைத் தவிர வேறெங்கு இருப்பவருக்கும் அப்படி ஒரு நம்பிக்கை வந்திருக்காது. பதினேழு வருஷம் பதில் சொன்ன புண்ணியம், உலகத்தின் குழப்பம் ஒருவழியாக அடங்கிவிட்டது என்று, போன பௌர்ணமிக்குச் சர்க்கரைப் பொங்கல் கூட வைத்தார். அம்மை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். முந்திரி போதவில்லை என்றார்.

அப்போது படிக்கட்டில் ஒரு தலை தெரிந்தது. அப்புறம் ஒரு பை. அப்புறம் வியர்வையில் நனைந்த ஒரு பெண்மணி, ஐம்பது வயது இருக்கும்.

“வாங்க. தண்ணி குடிச்சீங்களா?” என்று கேட்டுக்கொண்டே தில்லைநாயகம் எழுந்து செம்பை நீட்டினார்.

செம்பைக் காலி செய்துவிட்டுத்தான் அந்த அம்மாளுக்குப் பேச்சு வந்தது. பெயர் செங்கமலம். தையல் கடை வைத்திருக்கிறார். பையிலிருந்து ஒரு தூக்குப் போணி முறுக்கை எடுத்து அம்மையின் முன்னால் வைத்தார்.

“எங்க அக்கா மக கல்யாண முறுக்கு. உங்களுக்கு நன்றி சொல்லத்தான் ஏறி வந்தேன்.”

“எதுக்கு?”

“பதில் போடாம இருந்தீங்களே, அதுக்கு.”

தில்லைநாயகம் நிமிர்ந்தார்.

“அக்காவுக்கும் எனக்கும் பன்னிரண்டு வருஷமா பேச்சு இல்ல. அம்மாவோட தையல் மெஷின் யாருக்குன்னு வந்த சண்டை. திடீர்னு கல்யாணப் பத்திரிகை வருது. போகலாமா வேண்டாமான்னு உங்களுக்கு மெயில் போட்டேன். பதில் இல்ல. திரும்பப் போட்டேன். இல்ல. மூணாவதுக்கும் இல்லன்னதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. சொந்த அக்கா வீட்டுக்குப் போறதுக்கு என்கிட்டயா கேக்கிற, போடின்னு சொல்லாம சொல்றீங்கன்னு புரிஞ்சுது. போயிட்டேன்.”

“அக்கா என்ன சொன்னா?” என்றார் அம்மை.

“ஏண்டி இவ்வளவு லேட்டுன்னா. கையில சாம்பார் வாளியைக் கொடுத்து, மூணாவது பந்திக்கு ஊத்துன்னா. அவ்வளவுதான்.” செங்கமலம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஊத்தினேன். பாதி இலையில, பாதி தரையில.”

தில்லைநாயகம் மெல்லக் கேட்டார். “மூணு மெயிலா? எப்போ?”

செங்கமலம் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். தேதியோடு மூன்றும் இருந்தன. மடத்தின் முகவரி பிழையில்லாமல் இருந்தது.

அவருக்கு அப்போதுதான் அந்தக் குட்டிப் பெட்டி ஞாபகம் வந்தது. மூன்று மாதமாகத் தினம் காலையில் திரையில் ஒரு சின்னப் பெட்டி ஆங்கிலத்தில் ஏதோ சொல்லும். பழசென்றால் முனகத்தான் செய்யும் என்று படிக்காமலே ஒரு தட்டுத் தட்டி மூடிவிடுவார். கீழே ‘புதிய கடிதம் 0’ என்று வரும். கைகூப்புவார். கடிதங்களை இறக்க முடியவில்லை என்றுதான் அந்தப் பெட்டி தினமும் சொல்லியிருக்க வேண்டும்.

செங்கமலம் திருநீறு வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். போகும்போது பாட்டு முணுமுணுத்தார்.

பிறகு தில்லைநாயகம் தொண்டையைச் செருமினார். “ஒருவகையில பார்த்தா, அம்மை, பழசு ஒரு குடும்பத்தைச் சேர்த்து வெச்சிருக்கு.”

“ஆமா. பெரிய உபகாரம்.” அம்மை ஒரு முறுக்கை உடைத்தார். “நல்ல முறுக்கு. ஐயா, மூணு மாசத்துல எத்தனை பேர் எழுதியிருப்பாங்க?”

“முன்னெல்லாம் மாசத்துக்கு நூறு வரும்.”

“அப்ப முன்னூறு. எல்லாருக்கும் அக்கா வாளியைக் கொடுத்திருப்பாளா?”

தில்லைநாயகம் கணினி இருந்த கடித அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“இந்தம்மா படியேறி வந்துட்டாங்க. முழங்கால் வலிக்காரங்க என்ன பண்ணுவாங்க?”

கையிலிருந்த கீரைக்காம்பு எப்போதோ ஒடிந்திருந்தது. தில்லைநாயகம் அதைக் கீழே வைத்தார்.

“தெரியுது, அம்மை. விடணும்னு நேத்தே தெரியும். ஆனா முடியலை.”

“சொல்லுங்க.”

“காலையில அதைத் திறந்தா முதல்ல என்ன வரும், நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. பெரியவருக்காக ஒரு பக்தர் எழுதிக் கொடுத்த புரோகிராம் அது. முதல்ல என்ன காட்டணும், சாமி படமான்னு கேட்டார். பெரியவர் வேண்டாம்னுட்டார். படியேறி வர்ற ஒவ்வொருத்தரையும் தான் கேக்கிறதையே போடச் சொன்னார். வாங்க, தண்ணி குடிச்சீங்களா. அவ்வளவுதான். அதான் வரும்.”

அம்மை கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவர் போன மறுநாள் காலையிலயும் வந்துச்சு. நான் அழுதுட்டேன். அன்னைலேருந்து ஒரு நாள் தவறினதில்ல. உள்ளே உட்கார்ந்துகிட்டு என்னைக் கேக்கிற மாதிரியே இருக்கும். புதுசுல அந்தப் புரோகிராம் ஓடாதாம். லூர்து சொல்லிட்டார். ஓரமா வெச்சு எப்பவாவது திறந்தா, அது கண்காட்சி. தினம் கேக்கிறது நின்னுபோச்சுன்னா, அப்புறம் யார் கேப்பா?”

அம்மை கீரையை முறத்தில் அள்ளிப் போட்டார். உதறினார். பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார்.

“ஐயா, செங்கமலம் மேல ஏறி வந்தாங்களே. முதல்ல பேசினது நீங்களா, நானா?”

“நான்தான்.”

“என்ன சொன்னீங்க?”

தில்லைநாயகம் வாயைத் திறந்தார்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

பிறகு எழுந்து கடித அறைக்குள் போனார். விசிறி இரைந்துகொண்டிருந்தது. கணினியின் பக்கவாட்டில் கையை வைத்தார். காய்ச்சல்காரர் நெற்றி மாதிரிச் சுட்டது. மடியிலிருந்து திருநீற்றை எடுத்து, திரைக்கு மேலே மூன்று விரலால் பூசினார்.

“ரொம்ப உழைச்சுட்டே,” என்றார். “பெரிய உபகாரம்.”

முறைப்படி அணைத்தார். பதினேழு வருஷத்தில் முதல் முறையாக அது மறுபேச்சில்லாமல் அணைந்தது. அறையில் வந்த அமைதியில் மடத்துப் பூனை திடுக்கிட்டு எழுந்து, காதை ஆட்டிப் பார்த்தது.

வழக்கம்போல அட்டைப்பெட்டி மேல் உட்காரப் போனவர், பாதியில் நிமிர்ந்தார்.

“அம்மை,” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். “கத்தரிக்கோல் எங்க இருக்கு?”