கிலோ நாற்பது ரூபாய்

கையில் காசு குறைந்தவனைக் கண்டால் சில கடைக்காரர்களுக்கு நாக்கு நீண்டுவிடுகிறது. கோமேதகம் கம்ப்யூட்டர்ஸ் முதலாளி குலசேகரன் அந்த ரகம்.

பக்கத்து மெஸ்ஸில் பரிமாறும் சகாயராஜ், தன் பழைய கம்ப்யூட்டர் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு அங்கே போனான். கார் ரேஸ் கேம் ஓட ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். உழைத்துச் சேர்த்த மூவாயிரம்தான் கையில்.

முதலாளி கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு கார்டை எடுத்து வைத்தார். "பன்னிரண்டு வருஷத்துச் சரக்கு. ஆனா சிங்கம்! எட்டாயிரம்."

"மூவாயிரத்துக்குக் குடுங்கண்ணே."

"சாம்பார் வாளி தூக்குறவனுக்கு கேம் ஒரு கேடா? உன் டப்பாவுக்கு என்ன வயசு?"

"அதுக்கும் பன்னிரண்டுதாண்ணே. நல்லா ஓடுது."

"ஓடினா என்ன? அங்கே பார்!"

வாசல் தராசுக்கு மேலே தகரப் பலகை தொங்கியது: 'பத்து வருடம் தாண்டிய கம்ப்யூட்டர் சாமான் எதுவானாலும் கிலோ நாற்பது ரூபாய்.'

"என் கடையில அதுதான் சட்டம். டப்பாவை எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கு. இல்லேன்னா நடையைக் கட்டு!"

கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சகாயராஜ் அந்தக் கார்டை எடுத்துத் தராசில் வைத்தான்.

"முக்கால் கிலோண்ணே. முப்பது ரூபாய். பில் போடுங்க."

"டேய், அது நல்லா ஓடுற கார்டுடா!"

"ஓடினா என்னண்ணே? சட்டம் உங்களதுதானே?"

கடையே சிரித்தது. "எனக்கும் அதே விலையில ரெண்டு!" என்றார் ஒருவர்.

முதலாளி பதறிப்போய் மூவாயிரத்தை வாங்கிக்கொண்டு, தன் கையாலேயே கார்டை மாட்டிக் கொடுத்தார்.

மறுநாள் அந்தக் கடையிலிருந்து எடைக்குப் போனது தகரப் பலகை மட்டும்தான்.