வேடியப்பனின் அவசரம்

காவிரி மலைக்காட்டுக்குள் நுழையும் இடத்தில் காளத்தியம்மை என்ற குரு வாழ்ந்தார். பரிசல்காரர் வீட்டில் பிறந்தவர், வயது நாற்பது. அவருடைய சீடர் வேடியப்பனுக்கு அறுபது. பொறுமை மட்டும் அந்த மனிதருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

ஒருநாள் தேன் எடுக்கப் போய் வந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி கொண்டுவந்தார். வேடியப்பனின் அண்ணன் மாதையன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், ஒரு வாரம் தாங்கினால் அதிகம்.

வேடியப்பன் குருவிடம் ஓடினார்.

"பதினொரு வருஷமா நாங்க பேசிக்கலம்மா. அண்ணி செத்ததுக்குக்கூட நான் போகல. அண்ணன் கண்ணை மூடறதுக்குள்ள போய்ச் சேரணும்."

"கிளம்புங்க. நானும் வரேன்."

அண்ணன் ஊருக்குச் சாலை கிடையாது. மூன்று நாள் வழி. தண்ணீர் இருக்கும் இடத்தில் பரிசலில் போக வேண்டும். பாறை மறித்தால் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு காட்டுக்குள் நடக்க வேண்டும்.

காவிரி பாறைகளுக்குள் இறங்கிப் பாயும் ஒவ்வொரு இடத்திலும் குரு கரையேறுவார். கனமான பச்சைக் கட்டை ஒன்றை வெட்டித் தண்ணீரில் எறிவார். அது முட்டாமல் போனால் பரிசலும் போகும். முட்டினால் நடைதான். அந்தப் பக்கத்துப் பரிசல்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

"கட்டை எறிஞ்சே பொழுது போயிடும் போல," என்று வேடியப்பன் முணுமுணுத்தார். நடந்தால் முன்னால் ஓடினார். உட்கார்ந்தால் பரிசல் ஆடியது.

இரண்டாம் நாள் காலை குரு கட்டை வெட்டப் போயிருந்தார். அவர் வருவதற்குள் வேடியப்பன் கைக்குக் கிடைத்த ஒன்றை ஆற்றில் எறிந்தார்.

"நான் எறிஞ்சு பார்த்துட்டேன்! எதுலயும் முட்டல. ஏறுங்கம்மா!"

குரு நம்பி ஏறினார். பாதி தூரம் போவதற்குள் பரிசல் பாறையில் மோதி அடி கிழிந்தது. இருவரும் நனைந்து, பரிசலை இழுத்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள்.

"எதை எறிஞ்சீங்க?"

"காஞ்ச நாணல்."

"நாணல் எங்கேயும் போகும். நாம ரெண்டு பேரும் நாணலா?"

கிழிசலில் கோணித் துண்டு வைத்து, தார் உருக்கி ஒட்டிக் காயவிட அரை நாள் ஆனது. வேடியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.

"பாவி நான். நானே கெடுத்துட்டேனே. அண்ணன் போயிட்டா என்னம்மா பண்ணுவேன்?"

"அழுதுகிட்டே அந்தத் தாரைக் கிண்டுங்க. கட்டியாயிடப் போகுது."

நான்காம் நாள் உச்சிவேளையில் கடைசிக் காட்டு நடையை முடித்து இறங்கினார்கள். எதிர்க்கரையில் ஊர் தெரிந்தது. நடுவில் அலையே இல்லாத தண்ணீர். அந்தக் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். மாதையனின் மகள்.

"சித்தப்பாவா? அப்பா இருக்காரு! சீக்கிரம் வாங்க!" என்று கத்திவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

வேடியப்பன் பரிசலில் ஏறவில்லை. மூட்டையைப் பிரித்துச் சவரக்கத்தியை எடுத்தார்.

"நாலு நாள் தாடியோட போனா நல்லாயிருக்காது."

சவரம் முடிந்தது. பிறகு வேட்டியைத் துவைத்துப் பாறையில் விரித்தார். அது காய்ந்தது. மடித்து மூட்டையில் வைத்தார். சரியில்லை என்று பிரித்து மறுபடி மடித்தார். கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். வெயில் மேற்கே சாய்ந்தது.

குரு பரிசலைத் தண்ணீரில் இறக்கி, உள்ளே உட்கார்ந்து துடுப்பை எடுத்தார்.

"நாளைக்குக் காலையில போலாமேம்மா. அவரும் கொஞ்சம் தூங்கட்டும்."

"நாலு நாளா என்னை விரட்டினீங்களே?"

வேடியப்பன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணி சாவுக்கு வராதவன் இப்ப எதுக்கு வந்தேன்னு நினைப்பாரு. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டா?"

"முகத்தைத் திருப்பவும் உயிர் வேணும், ஐயா," என்றார் குரு. "இப்ப அது இருக்கு. ஏறுங்க."