முக்காடு போட்ட டார்ச்

ஒரு ஊர்ல ஒரு வீடு இருந்துச்சாம். அந்த வீட்டுக்குள்ள ஆளே கிடையாது, எல்லாம் புழு. ஒண்ணு ரெண்டு இல்ல, பத்தாயிரம் புழு. முகத்தைச் சுளிக்காதே கண்ணு, இது பட்டுப்புழு. வெள்ளை வெளேர்னு, உன் சுண்டுவிரல் தண்டிக்கு, தொட்டா சில்லுன்னு இருக்கும். கடிக்காது. ம் சொல்லு, அப்பத்தான் மேல போகும்.

ம்.

உடுமலைக்குத் தெக்கே, மலை கிட்டத்துல தெரியற ஊரு அது. புழுவுக்குன்னே தனியா ஓடு போட்டுக் கட்டின வீடு. மனைன்னு சொல்லுவாங்க. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி தொங்கும். ஏன்னா அந்தப் புழுவுக்குப் பளீர்னு வெளிச்சமும் ஆகாது, கும்மிருட்டும் ஆகாது. பொழுது விடியறதுக்குக் கொஞ்சம் முன்னால ஒரு மங்கல் இருக்குமே, அதுதான் பிடிக்கும்.

அந்த மனையைப் பாத்துக்கிட்டது பாவாத்தா. புருசன் பேரு சென்னியப்பன். ஒரே மகளைத் தாராபுரத்துல கட்டிக் குடுத்தாச்சு. அதுக்கப்புறம் வீடு வெறிச்சுன்னு போச்சு. சென்னியப்பன் நல்ல மனுசன்தான், ஆனா ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவாரு, அதுல ரெண்டு வார்த்தை மாட்டுகிட்ட. பாவாத்தா என்ன பண்ணுவா? புழுமனைக்குள்ள போய் உக்காந்துக்குவா. பத்தாயிரம் புழுவும் மல்பெரி இலையைத் தின்னும் பாரு, சரசரசரசரன்னு, ஓட்டு மேல மழை பேயற மாதிரியே இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டாத்தான் அவளுக்கு வீட்டுல நாலு பேர் இருக்கற மாதிரி இருக்கும்.

ஆனா ஒரு கஷ்டம். ரெண்டு தடவ புழு வளத்து ரெண்டு தடவையும் கைய விட்டுப் போச்சு. முதல் தடவ எறும்பு பூந்துருச்சு. ரெண்டாந் தடவ கூடு கட்டற நேரத்தைக் கவனிக்காம விட்டுட்டா, புழுவெல்லாம் பழைய தழைக்குள்ளயே பூந்து, குப்பையோட குப்பையா நூலைச் சுத்தி வெச்சிருச்சு. அப்போ சென்னியப்பன், ரசத்தை ஊத்திக்கிட்டே, கோவமெல்லாம் இல்லாம சொன்னாரு. இன்னொரு தடவ பாக்கலாம், அதுவும் போச்சுன்னா மல்பெரியைப் பிடுங்கிட்டுத் தென்னம்பிள்ளை வெச்சுக்கலாம்னு. பாவாத்தா சரின்னு தலைய ஆட்டினா. ஆட்டிட்டாளே ஒழிய மனசு ஒப்பல.

அப்புறம் மூணாந் தடவ. எறும்பு வராம, புழு வளக்கற கட்டில் காலெல்லாம் தண்ணிக் கிண்ணத்துல நிறுத்தி, இலையைத் துடைச்சுத் துடைச்சுப் போட்டு, இருபத்தாறு நாள் வளத்துட்டா. இருபத்தாறாம் நாள் சாயங்காலம், அஞ்சு மணி இருக்கும், மலைப்பக்கம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. உஸ்ஸ்ஸுன்னு காத்து. சடசடன்னு மழை. டப்புன்னு கரண்டு போச்சு.

அப்போ பாவாத்தா ஒண்ணு கவனிச்சா. வெளிய மழைச் சத்தம் இருக்கு, உள்ள மழைச் சத்தம் கொறஞ்சு போச்சு. கொஞ்சம் புழு தின்றதை நிறுத்திருச்சு.

அப்படின்னா என்னன்னு தெரியுமா? புழு பழுக்க ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். மாம்பழம் பழுக்கற மாதிரிதான். பால் வெள்ளையா இருந்த உடம்பு, உள்ள விளக்கு வெச்ச மாதிரி லேசா மஞ்சளாகி, கண்ணாடியாட்டம் ஆயிரும். அப்படிப் பழுத்ததை மட்டும் ஒவ்வொண்ணாப் பொறுக்கி, சந்திரிகைல விடணும். சந்திரிகைன்னா மூங்கில் தட்டி. அதுல கோலத்துச் சுழி மாதிரி சுத்திச் சுத்தி வளைச்சுக் கட்டியிருக்கும், ஒவ்வொரு சுழிக்குள்ளயும் ஒரு புழு உக்காந்து கூடு கட்டும். பொறுக்காம விட்டா குப்பைல கட்டிரும். நெருக்கமா விட்டா ரெண்டு புழு சேந்து ஒரே கூடாக் கட்டிரும், ரெண்டு நூலும் சிக்கிக்கும், பட்டு எடுக்க முடியாது. தூங்கிட்டியா?

ம்.

பழுத்தது எது, பழுக்காதது எதுன்னு பாக்க வெளிச்சம் வேணுமே. பாவாத்தா புருசனைக் கூப்பிட்டா. சென்னியப்பன் ஓடி வந்தாரு. கைல டார்ச்.

அந்த டார்ச்சைப் பத்திச் சொல்லணும். போன மாசம் சந்தைல வாங்கினது. கடைக்காரன் மூணு டார்ச்சை எடுத்து வெச்சு, எதுக்குங்க வேணும்னு கேட்டிருக்கான். இவரு எதுக்குன்னு சொல்லவே இல்ல. எது ரொம்பத் தூரம் அடிக்கும்னு மட்டும் கேட்டிருக்காரு. அன்னைலேர்ந்து பொழுது சாஞ்சா போதும், வாசல்ல நின்னு மூணு காடு, வயலைத்தான் அங்க காடும்பாங்க, அதைத் தாண்டி இருக்கற பனைமர உச்சிய அடிச்சுக் காட்டுவாரு. யாரும் பாக்கலன்னா நாய்க்காவது காட்டுவாரு.

அந்த டார்ச்சை மனைக்குள்ள வந்து, கிளிக்.

பளீஈர்.

என்ன ஆச்சுங்கறே. தட்டு மாதிரி ஒரு வெள்ளை வட்டம், கண்ணைக் குத்துது. வட்டத்துக்குள்ள இருக்கற புழுவெல்லாம் உப்புக்கல்லு மாதிரி ஒரே வெள்ளை. பழுத்ததும் வெள்ளை, பழுக்காததும் வெள்ளை. வட்டத்துக்கு வெளிய ஒண்ணுமே தெரியல. அதோட போச்சா, வெளிச்சம் பட்ட புழுவெல்லாம் விசுக் விசுக்குன்னு தலையைத் திருப்பிக்கிட்டு ஓரத்துக்கு ஊந்து போய், ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குவிஞ்சிருச்சு. சென்னியப்பன் வாசல் வரைக்கும் பின்னால போய் அடிச்சுப் பாத்தாரு. இப்போ பாவாத்தாளோட கை நிழல் யானை மாதிரி புழு மேல விழுந்துச்சு.

அந்த நேரம் பாத்து குடையை மடக்கிக்கிட்டு வந்து நின்னது நாச்சம்மா. சென்னியப்பனோட அக்கா, அடுத்த தோட்டம். பாவாத்தா அவங்களை நங்கையான்னு கூப்பிடுவா, அந்தப் பக்கம் புருசனோட அக்காளை அப்படித்தான் கூப்பிடுவாங்க. நாச்சம்மா குவிஞ்சு கிடந்த புழுவைப் பாத்துச்சு.

"ஏம்புள்ள, ஊருல எல்லாரும் தனிக்குடித்தனம் போறாங்க, உன் புழு மட்டும் கூட்டுக் குடும்பமாக் கெடக்குது?"

பாவாத்தாளுக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. சிரிச்சு வெச்சா. அப்புறம் வெளிச்சத்தோட முனையை மழுக்கணும்னு தோணுச்சு அவளுக்கு. டார்ச் வாயில எதையாவது கட்டிப் பாக்கலாம்னா. சென்னியப்பனுக்கு அது பொறுக்கல. சிங்கத்துக்கு முக்காடு போடச் சொல்றயான்னு கேட்டாரு. கேட்டாலும் தோள்ல கிடந்த துண்டை எடுத்துக் குடுத்தாரு.

துண்டை மடிச்சுக் கட்டி, கிளிக். வெளிச்சம் மங்குச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா புழுவெல்லாம் தலையைத் தூக்கிக்கிட்டு நெளிய ஆரம்பிச்சுது. ஏன்? பாவாத்தா துண்டை மோந்து பாத்தா. புகையிலை. சென்னியப்பன் நாள் பூரா புகையிலை போட்டுட்டு அதுலதான் வாய் துடைப்பாரு. புகையிலைக் காத்து பட்டாலே பட்டுப்புழு செத்துப் போயிரும். பாவாத்தா துண்டை அவுத்து வீசினா பாரு, அது வாசல் தாண்டி மழைல போய் தொப்புன்னு விழுந்துச்சு. சென்னியப்பனையும் வாய் கொப்பளிச்சிட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரச் சொன்னா. அவரு கொப்பளிச்சாரு, கொழகொழகொழ. நங்கையா வாசல்ல நின்னு, நாப்பது வருசமா நான் சொல்லிக் கேக்காததைப் புழு சொல்லிக் கேக்கறான்னு சிரிச்சுது.

அப்புறம் நங்கையாளே ஒரு யோசனை சொல்லுச்சு. கல்யாண வீட்டுல பலகாரப் பெட்டி குடுத்தாங்க, அதை மூடியிருந்த கண்ணாடித்தாள் வீட்டுல இருக்குன்னு. நல்ல மஞ்சக் கலர். வாடை கிடையாது. நங்கையா ஓடிப் போய் எடுத்துட்டு வந்து ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டி, கிளிக்.

ஆஹா. மனை பூரா தேன் ஊத்தின மாதிரி ஆயிருச்சு. புழுவும் நெளியல. பாவாத்தா குனிஞ்சு பாத்தா, புழுவெல்லாம் மஞ்சள் மஞ்சளா மின்னுது. அடேயப்பா, அத்தனையும் ஒரே நேரத்துல பழுத்துருச்சே. மூணு பேரும் உக்காந்து கடகடகடன்னு பொறுக்கினாங்க. நங்கையா ரெண்டு கைலயும் பொறுக்குச்சு. ஒரு சந்திரிகை நெறைஞ்சுது, ரெண்டு நெறைஞ்சுது. அப்போ பாவாத்தா காதுல ஒரு சத்தம்.

பொத்.

அப்புறம் இன்னொரு பொத். பொத் பொத். சந்திரிகைல விட்ட புழுவெல்லாம் கூடு கட்டாம, ஊந்து ஊந்து ஓரத்துக்கு வந்து கீழ விழுது. பாவாத்தா ஒண்ணை எடுத்து உள்ளங்கைல வெச்சுக்கிட்டு வாசல்கிட்டப் போனா. மழை மேகத்துக்கு நடுவுல கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்துச்சு. அதுல பாத்தா, பால் வெள்ளை. புழு பழுக்கவே இல்ல, பழுத்தது டார்ச்சுதான்.

மஞ்சள்தான் பழுத்ததுக்கு அடையாளம், அவங்க போட்டதும் மஞ்சத் தாள். வேற யாரு இப்படி ஒரு தப்புப் பண்ணுவாங்க, சொல்லு.

ம்...

அத்தனை புழுவையும் திருப்பி இலை மேல விட்டாங்க. பாவம், பசி போல. உடனே ஒரு மூலைல சரசரன்னு சத்தம் வந்துச்சு. நங்கையாளுக்கு வெக்கமாப் போச்சு, எனக்கு எல்லாமே தங்கமாத் தெரிஞ்சுதுன்னு மெல்லச் சொல்லுச்சு. ஆனா நிஜமாவே பழுத்த புழு நேரம் பாக்காதே. நாலஞ்சு ஏற்கனவே தழைக்குள்ள பூந்து நூல் விட ஆரம்பிச்சிருச்சு. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. தென்னம்பிள்ளையெல்லாம் வரிசையா வந்து பாவாத்தா கண்ணு முன்னால நின்னுச்சு.

அவ கணக்குப் போட்டா. வெளிச்சம் பரவணும், நிறம் மாறக் கூடாது, வாடை கூடாது. வெள்ளையா, மெல்லிசா என்ன இருக்குன்னு சுத்திப் பாத்தா. மூலைல சுருட்டி வெச்சிருந்துச்சு மெழுகுத்தாள். புழு எறும்பு தண்டி குஞ்சா இருக்கறப்ப, இலை வாடாம இருக்க மேல போர்த்துவாங்களே, அந்தத் தாள். புழுவுக்குப் பழகின தாள்.

சென்னியப்பன் ஒரு நல்ல கேள்வி கேட்டாரு. இவ்வளவு வேகமான டார்ச்சு, கண்ணாடி சுடும், மெழுகு உருகிராதான்னு. பாவாத்தா அதைக் காதுல வாங்கிக்கிட்டா. தாளைக் கண்ணாடி மேல ஒட்டிக் கட்டல. கடலைப் பொட்டலம் மாதிரி கூம்பாச் சுருட்டி, நுனியை மூடி, கண்ணாடிக்கும் தாளுக்கும் நாலு விரல் இடம் விட்டு, டார்ச் கழுத்துல நூலைச் சுத்தினா. சாமி கும்பிட்டுக்கிட்டே, கிளிக்.

சத்தமே இல்லாம வெளிச்சம் வந்துச்சு. கண்ணைக் குத்தல, புழு ஓடல. பால் பொங்கி மெல்லப் பரவற மாதிரி, சுவத்துக்கும் போச்சு, மூலைக்கும் போச்சு, கட்டில் அடிக்கும் போச்சு. யானை நிழலைக் காணோம். புழுவெல்லாம் தூக்கின தலையை இறக்கிருச்சு. பாவாத்தா குனிஞ்சு பாத்தா, சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளைப் புழு, அதுக்கு நடுவுல அங்கொண்ணு இங்கொண்ணா, பன்னீர் திராட்சை உரிச்ச மாதிரி, பழுத்த புழு. உள்ள ஓடற நூல் கூடத் தெரியற மாதிரி இருந்துச்சு.

சென்னியப்பன் மட்டும் டார்ச்சையே பாத்துக்கிட்டு நின்னாரு.

"மூணு காடு தாண்டி அடிக்கறது, இப்ப மூணு முழம் கூடப் போகலையே புள்ள."

"நமக்கு மூணு முழந்தானுங்க வேணும்."

அவரு டார்ச் பிடிச்ச கையைத் தலைக்கு மேல தூக்கி, விளக்குக் கம்பம் மாதிரி நின்னுக்கிட்டாரு. பாவாத்தாளும் நங்கையாளும் பொறுக்கினாங்க. ஒரு சுழிக்கு ஒண்ணு, ஒரு சுழிக்கு ஒண்ணு. இந்தக் கட்டில் முடிஞ்சா அந்தக் கட்டில். இவருக்குக் கை வலிச்சா அந்தக் கைக்கு மாத்திக்குவாரு. நடுவுல ஒரு தடவ கரண்டு வந்துச்சு. வந்தா, நங்கையா சட்டுன்னு எந்திரிச்சு பல்பை அணைச்சிருச்சு. இந்த வெளிச்சமே கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்குதுன்னுச்சு. அன்னைக்கு சென்னியப்பன் அவரோட நாலு வார்த்தையைத் தாண்டி நாப்பது வார்த்தை பேசினாரு. நின்ன எடத்துலயே நின்னா மனுசனுக்குப் பேச்சு வரும்போல.

மறுநாளும் மிச்சம் பழுத்துச்சு, மறுநாளும் டார்ச் முக்காடு போட்டுக்கிச்சு. அப்புறம் புழுவெல்லாம் தலையை எட்டு மாதிரி ஆட்டி ஆட்டி, நூலைச் சுத்திச் சுத்தி, ஒவ்வொண்ணா உள்ள மறைஞ்சு போச்சு. மனை அமைதியாயிருச்சு.

ஆறாம் நாள் காலைல பாவாத்தா ஒரு கூட்டை எடுத்தா. புறா முட்டை மாதிரி வெள்ளை, ஒத்தைக் கூடு. காதுகிட்ட வெச்சு ஆட்டினா. கடக். உள்ள புழு உருண்டு திரண்டு படுத்துக்கிச்சுன்னா அந்தச் சத்தம் வரும், கூடு நல்லா வந்துருச்சுன்னு அர்த்தம். இன்னொண்ணு எடுத்தா. கடக். அடுத்த சந்திரிகை. கடக், கடக். ஓடிப் போய் ஒரு கூட்டைப் புருசன் காதுல வெச்சு ஆட்டினா. கடக். சென்னியப்பன் சத்தத்தைக் கேட்டுட்டு, நேரா அரிவாளை எடுத்துக்கிட்டு மல்பெரிக் காட்டுக்கு நடந்துட்டாரு.

ஐயோ, பிடுங்கத்தான் போறாருன்னு நெனச்சா பாவாத்தா. சடக், சடக்குன்னு வெட்டற சத்தம் கேக்குது. கூட்டைக் கைல வெச்சுக்கிட்டே பின்னாலயே ஓடினா.

போய்ப் பாத்தா, ஒரு செடி கூட வேரோட போகல. முட்டி உசரத்துக்கு, ஒரே மட்டமா, பதமாக் கழிச்சு விட்டுட்டு இருந்தாரு. அப்படிக் கழிச்சாத்தான் அடுத்த புழுவுக்குப் புதுத் துளிர் வரும்.

அவளைப் பாத்ததும், அடுத்த வளப்புக்குப் புழு முட்டை எப்ப வருதுன்னு கேட்டாரு.

ம் சொல்லலையா? சரி, வேண்டாம். புழு கூட்டுக்குள்ள போயிருச்சு, கதையும் கூட்டுக்குள்ள போயிருச்சு. போர்வைய இழுத்துக்கிட்டு நீயும் உள்ள போ.